மெடிக்கலுக்கு மட்டும் ஒரு மாத்திரை

ரூபன்,

நீ மாடியில் இருக்கிறாய். நான் கீழே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே வீட்டில் இருக்கிற பிள்ளைக்குக் கடிதம் எழுதுகிற கிறுக்கி என்று நீ சிரிக்கலாம். படியேறி வந்து நேரில் சொல்ல எனக்கும் தெரியும், சொல்லியும் பார்த்தாயிற்று. நான் வாயைத் திறந்தாலே, "அம்மா, பாடம் எடுக்க ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டுக் காதில் அந்த வெள்ளைக் குமிழைச் சொருகிக்கொள்கிறாய். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் எடுத்தே ஆயுசில் பாதி போனவள் நான். கேட்காத பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் எடுத்தேன். அப்போது தொண்டையில் தெம்பு இருந்தது. இப்போது உன் அப்பாவிடம் பேசிப் பாதி அலுத்துவிட்டது, உன்னிடம் பேசி மீதியும் அலுத்துவிட்டது. எழுதி வைத்தால் குறுக்கே பேச முடியாதல்லவா, அதற்காகத்தான் இது. வேறு யார் எடுத்துப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. கப்பலுக்குப் பிள்ளையை அனுப்பாத தெரு இந்தத் தூத்துக்குடியில் எங்கே இருக்கிறது? படிக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை நீ கப்பலேறுவதற்கான மெடிக்கல் பரிசோதனையை முடித்துவிட்டு மக்ரூன் பொட்டலத்தோடு வந்தாய். நான் அடுப்படியில் நின்றேன். முன்னறையில் அப்பாவும் மகனும் பேசியது ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்டது.

"என்னல, பாஸா?"

"பாஸ்தான்ப்பா. நூத்தி இருவத்தாறுக்கு எம்பத்திரெண்டு. டாக்டர் ஒரு கேள்வி கேக்கல."

"நான்தான் சொன்னேம்லா? அஞ்சாறு நாளைக்கு முந்தி ஆரம்பிச்சா போதும்னு. சரி, மிச்ச மாத்திரைய தூரப் போட்டுராத. அடுத்த மெடிக்கலுக்கு ஆவும்."

இரண்டு பேரும் சிரித்தீர்கள். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டதும் கையிலிருந்த கரண்டியைத் தூக்கி எறிய வேண்டும் போல வந்தது. எறியவில்லை. எறிந்தால் அதையும் நான்தான் பொறுக்க வேண்டும்.

விடுமுறைக்கு வந்த புதிதில் பின்மண்டை வலிக்கிறது என்று டாக்டரிடம் போனாயே, அப்போது உன் பிரஷர் நூற்று எழுபதைத் தாண்டி இருந்தது. தினமும் போட வேண்டும் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். நீ அதை வாங்கி அலமாரியில் வைத்தாய். வலி போய்விட்டது, மாத்திரையும் மறந்துவிட்டது. மெடிக்கல் தேதி வந்ததும் மாத்திரை ஞாபகம் வந்துவிட்டது. மெடிக்கல் முடிந்த அன்றே நிறுத்தியும்விட்டாய். வருகிற புதன்கிழமை சிங்கப்பூருக்கு விமானம். அங்கே கப்பல் நிற்கிறது, செகண்ட் இன்ஜினியராக முதல் தடவை ஏறப் போகிறாய். எனக்கும் பெருமைதான், இல்லை என்று யார் சொன்னது? ஆனாலும் நான் உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்று. கப்பலேறுவதற்கு முன் டாக்டரிடம் போ. மெடிக்கலுக்காக மாத்திரை போட்டுப் பிரஷரை இறக்கிக் காட்டினேன் என்று உண்மையைச் சொல். கம்பெனிக்கும் சொல். அதனால் இந்தக் கப்பல் கைவிட்டுப் போனாலும் போகட்டும்.

நீ ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. உன் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலம் முழுக்க இதைத்தான் செய்தார். வருஷ மெடிக்கல் வருகிறது என்றால் அந்த ஷிப்ட் ஆட்களுக்குள் ஒரு மாத்திரை அட்டை கைமாறும். "அண்ணாச்சி, எனக்கு நாலு தாங்க, வியாழக்கிழமை எனக்கு மெடிக்கலு" என்று வீட்டு வாசலில் வந்து கேட்டவர்களுக்கு நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன், ஏதோ தலைவலி மாத்திரை கொடுக்கிறது போல. அந்த ஒரு வாரம் கருவாடு கிடையாது, ஊறுகாய் கிடையாது, மனிதர்கள் ஒன்பது மணிக்கே படுத்துவிடுவார்கள். மெடிக்கல் முடிந்த சாயங்காலம் சாளைக் கருவாடு வறுபடுகிற வாசம் தெரு முழுக்க வரும். யாருடைய மாத்திரையை யார் போட்டார்கள், யாருக்கு எது ஒத்துக்கொள்ளும், யாருக்குத் தெரியும்? நாற்காலி போய்விடக் கூடாது, கிரேன் போய்விடக் கூடாது. அந்தப் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. உயரத்தில் உட்கார்ந்து சோறு சம்பாதிக்கிறவனைத் தரையில் இறக்கிவிட்டால் அவன் என்ன செய்வான்? ஆனால் மெடிக்கல் எதற்கு வைத்திருக்கிறார்கள்? உன்னைக் கழித்துக்கட்டவா வைத்திருக்கிறார்கள்? அளக்கிற அன்றைக்கு மட்டும் ஒழுங்காக இருந்தால் அளந்து என்ன பிரயோஜனம், சொல்லு.

பிரஷர் என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெரிய பெரிய பம்புகளோடு மல்லுக்கட்டுகிறவன் நீ. ஆனால் உன் நெஞ்சுக்குள் இருக்கிற பம்பைப் பற்றி மட்டும் உனக்கு அக்கறை கிடையாது. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் இருக்கிறதே, குழாய் உள்ளே உப்புப் பிடித்துச் சுருங்கிவிட்டால் அது என்ன செய்யும்? முக்கி முனகி ஏற்றும். ஒரு நாள், ஒரு மாசம் ஏற்றும். வெளியே இருந்து பார்த்தால் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும். மோட்டார் சூடாகிக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாது. இதயமும் அப்படித்தான் எதிர்த்துத் தள்ளித் தள்ளி அதன் சுவர் தடித்துப்போகிறது, விறைத்துப்போகிறது. கூடவே ரத்தக்குழாய்களின் உள்சுவர் புண்பட்டு, அந்த இடத்தில் கொழுப்பு சேருகிறது. மூளைக்குப் போகிற குழாய், சிறுநீரகத்துக்குப் போகிற குழாய், கண்ணுக்குப் போகிற குழாய் எல்லாம் அடி வாங்குகின்றன. இத்தனையும் நடக்கும்போது பெரும்பாலும் உனக்கு ஒன்றுமே செய்யாது. பின்மண்டை வலி போய்விட்டது என்றாயே, பிரஷரும் கூடவே போய்விட்டது என்று யார் சொன்னார்கள்?

சாகுபுரத்தில் இருந்த உன் பெரியப்பாவை நினைத்துப் பார். "எனக்கு என்னளா செய்யுது? கல்லு மாதிரி இருக்கேன்" என்று மார்பைத் தட்டிக் காட்டுவார். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரை வியாபாரி என்றார். கடைசியில் கால் வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது என்று கொண்டுபோனபோது இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போயிருந்தன. வாரத்தில் மூன்று நாள் ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் பண்ணினார்கள். ஒருநாள் நான் கூட இருந்தேன். குடிக்கிற தண்ணீரைக் கூட அளந்துதான் கொடுக்க வேண்டும். "ஒரு சோடா வாங்கித் தாளா, யாரும் பாக்கல" என்று என்னிடம் கெஞ்சினார். அத்தனை பெரிய உருவம், பிள்ளை மாதிரிக் கெஞ்சியது. நான் வாங்கிக் கொடுக்கவில்லை. அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு எப்போது போனாலும் என்னோடு பழையபடி பேசவே இல்லை.

இனி உன் அப்பா கதை. அவருக்கு ஆஞ்சியோ செய்தபோது நீ பிரேசில் பக்கம் கடலில் இருந்தாய். "சும்மா செக்கப், ஒரு ஸ்டென்ட் வச்சிருக்கு, நல்லா இருக்காவ" என்று போனில் சொன்னோம். நடுக்கடலில் இருக்கிற பிள்ளையிடம் வேறு என்ன சொல்ல? நீ இறங்கி ஓடி வரவா முடியும்? ஆனால் நடந்தது அதுவல்ல. அதை உன் அப்பா உன்னிடம் இன்றுவரை சொல்லவில்லை, என்னையும் சொல்ல விடவில்லை. ஓய்வு பெற்ற பிறகு மெடிக்கலும் இல்லை, அதனால் மாத்திரையும் இல்லை என்று ஆகிவிட்டிருந்தது. நான் சண்டை போட்டுப் போட்டு, தினம் ஒரு மாத்திரை என்பதற்கு ஒத்துக்கொண்டார். அதையும் ஒரு நாள் போடுவார், ஒரு நாள் விடுவார். பிரஷர் நூற்று அறுபது, நூற்று எழுபது என்று நின்றது. உன் அத்தை கோயிலில் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவியல்லவா, தம்பியின் பிரஷரை ஜெபக்குறிப்பில் சேர்த்துவிட்டாள். வாராவாரம் சபையே அவருடைய பிரஷர் இறங்க வேண்டும் என்று ஜெபித்தது. அந்த ஜெபக்குறிப்புச் சீட்டைப் பார்த்துவிட்டு உன் அப்பாவுக்கு வெட்கம். "ஊருக்கெல்லாம் எம் பிரஷர வாசிச்சுட்டாளா" என்று கத்தினார்.

அந்த வருஷக் கோயில் அசன விருந்தன்று வழக்கம்போல வாளியைத் தூக்கிவிட்டார். அசனம் என்றால் உனக்குத் தெரியும், ஊரையே உட்கார வைத்துச் சோறும் ஆட்டுக்கறியும் போட வேண்டும். குழம்பு வாளி என்ன கனம் கனக்கும்! வெயில் வேறு. இளவட்டங்கள் நிற்கும்போது இவருக்கு என்ன வேலை? கேட்டால், "எங்க பந்தியில நான் வெளம்பாம ஆரு வெளம்புவா?" என்பார். மத்தியானம் வீட்டுக்கு வரும்போது முகம் சாம்பல் மாதிரி இருந்தது. நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டேன். வலி இல்லையாம். தோள்பட்டைகளுக்கு நடுவே என்னமோ அழுத்துகிறதாம், கறி செரிக்கவில்லையாம். ஓங்கரித்தார், ஒன்றும் வரவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. "எலுமிச்சம்பழத்துல உப்பு போட்டுத் தா, சரியாயிரும்" என்றார். கூடவே வந்த உன் அத்தை, "பிரஷர் ஏறியிருக்கும், மெஷின எடுளா" என்றாள். எடுத்துக் கட்டினேன்.

எண்பத்தெட்டுக்கு அறுபது.

நான் மறுபடி கட்டினேன். ஏறக்குறைய அதேதான். ஓய்வு பெற்ற பிறகு நூற்று அறுபதுக்குக் கீழே இறங்காத மனிதர். உன் அத்தைக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏளா, பாத்தியா! கர்த்தர் எறக்கிட்டாருளா! சபை ஜெபம் வீணாப் போவுமா?" என்று சொல்லி அப்படியே தரையில் முழங்கால் போட்டாள். என் கையைப் பிடித்து இழுத்து என்னையும் போட வைத்தாள். உன் அப்பா கூட நாற்காலியில் சாய்ந்தபடி கண்ணை மூடினார். சிரித்தாரோ என்னமோ, உதடு லேசாக விரிந்தது. அத்தையின் ஜெபம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஆதாமிலிருந்து ஆரம்பித்தாள். இதயத்தின் நான்கு அறைகளைச் சிவப்புச் சாக்பீஸிலும் நீலச் சாக்பீஸிலும் கரும்பலகையில் வருஷா வருஷம் வரைந்தவள் நான். நானும் கண்ணை மூடிக்கொண்டு, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிரஷர் ஏறுவதுதான் வியாதி, இறங்குவது சுகம். எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் அது மட்டும்தான் இருந்தது.

ஜெபத்தில் உன் அப்பாவின் கையைப் பிடித்திருந்தேன். அது பனிக்கட்டி போல் சில்லென்று இருந்தது. ஈரமாகவும் இருந்தது. உச்சி வெயிலில் ஒரு மனிதனுடைய கை எப்படி இத்தனை குளிரும்? கண்ணைத் திறந்து பார்த்தேன். நகம் எல்லாம் நீலம் பாய்ந்திருந்தது. "என்ன செய்யுது ஒங்களுக்கு?" என்றேன். "லைட்ட ஏம் அணைச்ச?" என்றார். பகல் மத்தியானத்தில் யார் லைட்டை அணைத்தது? மணிக்கட்டைப் பிடித்தால் நாடி நூல் மாதிரி ஓடுகிறது, அப்படி ஒரு வேகம். உன் அத்தை அப்போதுதான் ஆதாமைத் தாண்டி யாத்திராகமத்துக்கு, மோசே கதைக்கு வந்திருந்தாள்.

"மைனி, ஆமென் சொல்லுங்க. ஆம்புலன்ஸ கூப்பிடணும்."

"ஜெபத்துக்கு நடுவுல எந்திரிக்காதளா."

"மைனி, அவிய செத்துக்கிட்டு இருக்காவ!"

அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்ததா என்று இன்றைக்கும் எனக்கு நடுக்கம். அவள் கண்ணைத் திறந்து தம்பியைப் பார்த்தாள். நான் போன் போட்டேன். உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரை அப்படியே மேசையில் வைத்துவிட்டோம். எழுந்து நடந்தே வாசலுக்கு வருகிறேன் என்று அடம் பிடித்தார், நடக்க விடவில்லை. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்த உடனே எல்லாரும் ஓடினார்கள். மாரடைப்பு. பெரிய குழாயில் அடைப்பு. இதயத்தில் பாதி வேலை செய்யவில்லை, ஆள் ஷாக்கில் இருக்கிறார் என்றார்கள். குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள், கையிலும் கழுத்திலும் குழாய் போட்டார்கள். பிரஷரை ஏற்றுவதற்கு மருந்து ஓடியது. உன் அத்தை டாக்டரையே மறித்துக் கேட்டுவிட்டாள்: "பிரஷர் இருக்க ஆளுக்கு, பிரஷர ஏத்துதியளா?"

அந்த டாக்டர் நல்ல மனிதர், நின்று பதில் சொன்னார். அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட மாதிரி உனக்குச் சொல்கிறேன். ஷாக் என்றால் அதிர்ச்சியான செய்தி கேட்டு வருவதல்ல. உடம்பில் ஒவ்வொரு உறுப்புக்கும் வேண்டிய ரத்தம் போய்ச் சேராமல் இருக்கிற நிலை. ரத்தம் நிறைய வெளியே போனாலும் அது வரும், கிருமி ரத்தத்தில் கலந்தாலும் வரும், கடுமையான ஒவ்வாமையிலும் வரும். உன் அப்பாவுக்குப் பம்பே படுத்துவிட்டதால் வந்தது. ரத்தம் குறையும்போது உடம்பு மூளையையும் இதயத்தையும் காப்பாற்றப் பார்க்கும். அதற்காகத் தோலுக்கும் கைகாலுக்கும் போகிற குழாய்களைச் சுருக்கிவிடும். அதனால்தான் கை குளிருகிறது, வியர்க்கிறது, நிறம் மாறுகிறது. சிறுநீரகத்துக்கும் குறைத்துவிடும், அதனால் சிறுநீர் வராது. அதையும் மீறி இறங்கும்போது மூளைக்கும் போதாது, ஆள் உளறுவார். வெகு நாள் உயர்ந்த பிரஷரில் பழகிய உடம்புக்கு, மற்றவர்களுக்குச் சாதாரணமாக இருக்கிற அளவே சில சமயம் போதாமல் போகுமாம். ஆக, எப்போதும் பிரஷர் உள்ள ஆளுக்குத் திடீரென்று இறங்கி, கூடவே வியர்வையும் குளிர்ச்சியும் இருந்தால் அது சுகமில்லை, ஆபத்து. ஒரு நிமிஷம் கூட வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. சாறு, மோர், உப்பு என்று எதையும் புகட்டக் கூடாது. ஜெபத்தை வண்டியில் போகும்போது பண்ணிக்கொள்ளலாம், ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஐசியு வாசலில் உட்கார்ந்திருந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. ஒரு நர்ஸ் வெளியே வந்து, "யூரின் வருதும்மா" என்று சொன்னாள். அதைக் கேட்டு நானும் உன் அத்தையும் கட்டிப் பிடித்து அழுதோம். யூரின் வந்ததற்கு அழுத பெண்களை நீ பார்த்திருக்க மாட்டாய். பிழைத்து வந்தார். ஆனால் பழைய ஆள் வரவில்லை. இதயம் பாதி பலத்தில்தான் அடிக்கிறது. மாடிப்படி ஏறக் கூடாது. குனிந்து செருப்பை மாட்டினால் மூச்சு இரைக்கிறது. உன்னிடம் போனில் பேசுவதற்கு முன் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டுதான் பேசுவார், அது உனக்குத் தெரியுமா?

அந்த மனிதர்தான் உனக்கு அஞ்சாறு நாள் கணக்குச் சொல்லித் தந்தார். உனக்கு ஆச்சரியமாக இருக்கும், எனக்கு இல்லை. நான் கேட்டேன், சண்டையே போட்டேன். "எனக்கு வந்தது அறுபதுக்கு மேல. அவனுக்கு இப்ப என்ன வயசு? செகண்டாப் போற நேரத்துல தடங்கல் பண்ணாத. எறங்கி வந்த பொறவு பாத்துக்கிடலாம்" என்கிறார். அவருக்கு நீ கிரேனில் உட்கார்ந்திருக்கிறாய் என்றே நினைப்பு. முப்பத்திரண்டு வயதில் நூற்று எழுபது என்றால் அறுபது வரைக்கும் அது காத்துக்கொண்டிருக்குமா? உன் அப்பாவைப் பார்க்கிற டாக்டரிடம் உன் பேரைச் சொல்லாமல் நான் கேட்டுப் பார்த்தேன். பிரஷர் இருக்கிறவன் கப்பலுக்கே போகக் கூடாது என்று இல்லையாம். மாத்திரையில் கட்டுக்குள் நிற்கிறது என்று காட்டினால் நிறையப் பேரை விடுகிறார்களாம். கொஞ்ச காலம் பார்ப்பார்கள், தாமதமாகும், அவ்வளவுதான். போட்டுப் போட்டு நிறுத்துவதுதான் மோசம், சில மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் பிரஷர் முன்னைவிட எகிறும் என்றார். இந்த இளம் வயதில் ஏன் வந்தது என்று சிறுநீரகத்தையும் மற்றதையும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். உன் மனைவி பிரிஸ்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாசரேத்தில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். அவளிடம் நீ இதை மூச்சு விடவில்லை என்று எனக்குத் தெரியும்.

இன்ஜின் ரூம் சூடு, விட்டு விட்டுத் தூக்கம், குக் போடுகிற உப்பு, ராத்திரி பசித்தால் நூடுல்ஸ், நீ விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே பிடிக்கிற சிகரெட். இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாயா? உன் சட்டைகளைத் துவைக்கிறது யார்? உப்பைக் குறை, ஊறுகாய் பாட்டில் கொண்டு போகாதே என்று நான் சொல்லப் போவதில்லை, சொன்னால் பெட்டிக்குள் இரண்டு பாட்டில் போகும். உப்பு விளைகிற ஊரில் பிறந்துவிட்டு உப்பில்லாமல் சமைத்து, அதற்கு உன் அப்பாவிடம் மூன்று வேளையும் திட்டு வாங்குகிறவள் நான். எனக்கு அலுத்துவிட்டது, ரூபன். ஆண்பிள்ளைகளின் நெஞ்சுக்கு நான் காவல் இருந்து இருந்து ஓய்ந்துவிட்டேன். யாராவது ஒருத்தன் தானாக மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "போட்டாச்சு" என்று சொன்னால் நான் அன்றைக்குக் கால் நீட்டிப் படுப்பேன்.

இதுவரை வியாழக்கிழமை எழுதியது. உன் பெட்டியில், துணிகளுக்கு மேல் வைத்துவிடலாம் என்று மடித்து வைத்திருந்தேன். இன்று சனிக்கிழமை, மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

இன்று காலை விடிந்து வெகு நேரமாகியும் நீ எழுந்திருக்கவில்லை. காபியைக் கொண்டு மேலே வந்தேன். மெஷினையும் எடுத்து வந்தேன், மறைக்க மாட்டேன். நீ மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாய், இடது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. எடுத்து மெத்தையில் வைத்து, பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினேன். அது இறுக்கும்போது நீ, "சும்மா இரிம்மா" என்று முனகிவிட்டு மறுபடி தூங்கிவிட்டாய். தூங்குகிற பிள்ளைக்குக் குறைவாகத்தான் காட்ட வேண்டும். நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்றுப் பதினான்கு காட்டியது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை எடுத்தேன், பெரிய வித்தியாசம் இல்லை.

பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. திரும்பினால் உன் அப்பா வாசற்படியில் நிற்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதலாக அவர் மாடிப்படி ஏறினதே இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, "எவ்வளவு?" என்று சைகையால் கேட்டார். நான் மெஷினைத் திருப்பிக் காட்டினேன். கண்ணாடி போடாமல் வந்துவிட்டார், அதனால் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு கட்டில் ஓரத்தில், உன் காலடியில் உட்கார்ந்தார்.

"நான்லா சொல்லிக் குடுத்தேன்," என்றார்.

சொல்லிக் காட்ட எத்தனையோ இருந்தது, எனக்கு மனசு வரவில்லை.

"கப்பல்ல வச்சு எனக்கு வந்த மாதிரி வந்துட்டுன்னா, ஏளா, கரைக்கு எத்தன நாளு ஆவும்?"

"ஒங்களுக்குத்தான் தெரியும், நீங்கதான் கப்பல் பாத்தவிய" என்றேன். அவர் உன் போர்வையை இழுத்து உன் பாதத்தை மூடினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அவருடைய அண்ணன் செத்த அன்றைக்குத்தான். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி, தன்னைப் பார்க்கிற டாக்டருக்குத் தானே போன் போட்டார். உன் பேரைச் சொல்லி, வயசைச் சொல்லி, "எம் மவன்தான் சார். மெடிக்கல்ல பொய் காட்டிட்டோம் சார். நான்தான் காட்டச் சொன்னேன்" என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார். பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் இதை முடித்துக்கொண்டிருக்கும்போது அவர் சட்டை மாற்றிக்கொண்டு, செருப்பையும் போட்டுக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. உன்னை எழுப்பவும் மாட்டேன் என்கிறார், என்னையும் எழுப்ப விடவில்லை. பிள்ளை தூங்கட்டுமாம். உனக்குக் கோபம் வரும், கப்பல் போய்விட்டதே என்று ஆத்திரம் வரும். வரட்டும், என்னைத் திட்டு, நான் வாங்கிக்கொள்கிறேன். நீ எங்களுக்கு உயிரோடு வேண்டும், ரூபன். உன் பிள்ளைக்கும் வேண்டும். இந்தக் கடிதத்தை உன் செல்போனுக்குக் கீழே வைத்துவிட்டுப் போகிறேன், எழுந்ததும் அதைத்தானே தேடுவாய். படித்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு இறங்கி வா. அவரை ஒன்றும் கேட்காதே. "வாங்கப்பா, போவோம்" என்று நீயாகச் சொல். அதைக் கேட்கத்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

அம்மா